மண்டைக்குள் வராத ஒலி

முன்னறையில் இருந்தவர்கள் மூன்று பேர். ஜன்னலோர நாற்காலியில் ஆர்வில் டாலிவர், மடியில் சாக்ஸஃபோன். பியானோவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த பியானோக்காரன் கிளைட். சாப்பாட்டு மேசையில் ஆர்விலின் மனைவி வெர்னிஸ்; அவள் முன்னால் தட்டச்சு செய்த இரண்டு கடிதங்கள், ஓர் உறை. இரண்டுமே, ஆர்விலைப் பதிவுக்கு அழைத்திருந்த இசைத்தட்டுக் கம்பெனிக்குத்தான். ஒன்றில் ‘வருகிறேன்’; மற்றதில் ‘என்னால் ஆகாது’. திங்களுக்குள் பதில் வராவிட்டால் வேறொருவனை வைத்துப் பதிவு செய்வதாகக் கம்பெனி சொல்லிவிட்டது. சனிக்கிழமை மாலைத் தபால் எடுக்க இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது.

ஹார்லெம் வட்டாரத்தில் ஆர்விலின் சாக்ஸஃபோனைத் தெரியாதவர் கிடையாது. போன குளிர்காலத்தில் அவனுடைய மேல்வரிசைப் பற்களை ஒன்றுவிடாமல் பிடுங்கிவிட்டார்கள். பல்செட் கட்டிக்கொண்டு வந்த அன்று ஒரு தடவை ஊதினான். ஊதிவிட்டு, வாத்தியத்தைப் பெட்டியில் வைத்து மூடியவன்தான்; இன்றுதான் மறுபடி திறந்திருக்கிறான்.

“இந்தத் தெருவுல பாதிப் பயலுக உன்ன மாதிரியேதான் ஊதுறானுக. உன் சத்தம் தொலைஞ்சிருந்தா அவனுககிட்ட இரவல் கேளேன்” என்றான் கிளைட்.

“சிரிக்க வைக்காதடா. செட்டு கழண்டு விழுந்துரும்.”

ஆர்வில் சாக்ஸஃபோனின் ஊதுவாயைப் பல்லால் கவ்வினான். இத்தனை வருஷமாக ஒவ்வொரு சுரமும் மேல்பல் வழியாக ஏறி மண்டைக்குள் அதிரும். அந்த அதிர்வைத்தான் அவன் தன் ஒலி என்று நம்பியிருந்தான். மெதுவான பாட்டொன்றைப் பாதிவரை ஊதினான். மண்டைக்குள் ஒன்றுமே இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ ஊதுவது போலிருந்தது.

“அப்படியே இருக்குடா” என்றான் கிளைட்.

“பொய் சொல்ற.”

“எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு” என்றாள் வெர்னிஸ்.

“நீ வேற எப்படிச் சொல்லுவ? இசைத்தட்டு நான் செத்த பிறகும் ஓடும், வெர்னிஸ். உங்க அன்பையா அதுல பதிய முடியும்?”

அவன் கை ‘ஆகாது’ கடிதத்தை நோக்கிப் போனபோது, தரைக்கு அடியிலிருந்து துடைப்பக்கட்டை இடித்தது. கீழ்வீட்டு கிரிக்ஸ்பி அம்மாள். ஜன்னல் வழியே குரலும் ஏறி வந்தது.

“டாலிவர்! பல்லோட உன் தொல்லையும் ஒழிஞ்சுதுன்னு நிம்மதியா இருந்தேன்! மறுபடி என் பீங்கானெல்லாம் ஆடுது!”

ஆர்வில் எழுந்து ஜன்னலுக்கு ஓடினான். “எந்தச் சத்தத்துக்கு?”

“அந்த அடிச் சத்தத்துக்குத்தான்! நீ ஊதாம இருந்தப்ப எவனெவனோ உங்க வீட்டுக்கு வந்து ஊதினான், ஒரு கோப்பை அசையல!”

அவன் அந்தத் தாழ்ந்த அடிச்சுரத்தை மட்டும் நீளமாக ஊதினான். மண்டைக்குள் மறுபடியும் வெறுமைதான். கீழே கட்டை படபடவென்று இடித்தது.

“ஆடுது! ஆடுதுய்யா! போதும், நிறுத்து!”

கிளைட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆர்விலுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒலி இருக்கிறது, ஆனால் இனி அது அவனுக்குள் வராது. ஒவ்வொரு இரவும் இருட்டுக்குள் காலை வைப்பதுபோல ஊத வேண்டும்.

“முடியுமா உன்னால?” என்று வெர்னிஸ் கேட்டாள்.

“தெரியல. பயமா இருக்கு.”

‘வருகிறேன்’ கடிதத்தில் கையெழுத்திட்டான். பெயரின் கடைசி எழுத்து கோணிக்கொண்டது. உறையின் பசையை நாக்கால் நனைத்து ஒட்டினான். தெருமுனைக்குத் தானே நடந்து போய், தபால்பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்துச் சற்று நின்றான். பிறகு கடிதத்தைப் பிடித்திருந்த விரல்களை விட்டான். உள்ளே கடிதம் விழுந்தது காதுக்கு மட்டும் கேட்டது.