நாச்சியார் வீட்டு அடுக்களையில் விழுந்த அருவி

குற்றாலநாதர் அறிய, அந்நாளில் மொட்டையாக நின்ற தென்காசிக் கோபுரம் அறிய, கீழே வருகிற செய்தியில் ஒரு சொல்லும் கூட்டியதில்லை, ஒரு சொல்லும் குறைத்ததில்லை. சந்தைக்குப் போனவன் வற்றல் விலையை வந்து சொல்லுகிற மாதிரி சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். அரசாங்கம் வயசானவர்களுக்கு உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்த மறுவருஷம், ஆனி மாதம் பிறந்த அன்று காலையில், ஐந்தருவியின் ஐந்து கிளைகளில் ஓரத்துக் கிளை தன் பாறையை விட்டுக் கிளம்பி வந்து, தென்காசியில் நாச்சியார் வீட்டு அடுக்களையில் விழ ஆரம்பித்தது. அந்த வாரம் சுரண்டையில் கத்தரிக்காய் மலிவு.

விழுந்த இடம் அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவில். உத்தரத்துக்கு ஒரு முழம் கீழே, ஒன்றுமே இல்லாத இடத்தில் தொடங்கி, குளிக்கிற துண்டின் அகலத்துக்கு நேராக இறங்கியது. மேலே ஓடு காய்ந்து கிடந்தது. அதன் மேல் அணில் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பில் தெறித்த சாரலால் நெருப்பு அணையவும் இல்லை. தண்ணீர் பாத்திரம் கழுவுகிற அங்கணத்தின் வழியாகப் புழக்கடைக்குப் போய், அங்கிருந்து ஒழுங்கு மரியாதையாக வாய்க்காலில் சேர்ந்தது. அதில் மலைப் பச்சிலை வாசம் அடித்தது. எப்போதாவது ஒரு மங்குஸ்தான் பழம் மிதந்து வந்து அம்மியில் முட்டி நிற்கும். ஐந்தருவிக்குப் போய் எண்ணிப் பார்த்தவர்கள் அங்கே நான்குதான் விழுகிறது என்றார்கள். அந்த இடத்தின் பெயரை நாலருவி என்று மாற்றவேண்டுமா என்று சிலர் பேசினார்கள். சீசன் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அருவி அத்தனை வீடுகளையும் விட்டுவிட்டு நாச்சியார் வீட்டைத் தேடி வந்ததில் தென்காசியில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அவள் ஐந்தருவியில் துணி காவல் காத்தவள். குளிக்க வருகிறவர்கள் வேட்டி சட்டையைக் கழற்றிப் பாறையில் வைத்துவிட்டு எண்ணெய்த் தலையோடு அருவிக்குள் போய்விடுவார்கள். குரங்கு தூக்கிக்கொண்டு போகாமல் கம்பும் கையுமாக உட்கார்ந்திருப்பது அவள் வேலை. கொடுத்ததை வாங்கிக்கொள்வாள், கேட்கமாட்டாள். கணவன் செத்தபிறகு பிள்ளை குட்டி இல்லாத அவளுக்கு அந்த வருமானம்தான் சோறு போட்டது. பிறகு இரண்டு முழங்காலும் மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டன. சீசன் வந்தும் அவளால் போக முடியவில்லை. இத்தனை வருஷம் தினமும் வந்த மனுஷியைக் காணோமே என்று அருவிதான் விசாரித்து வந்துவிட்டது என்பது ஊர் முடிவு. வந்த அருவியின் கீழே காலை நீட்டி அரை நாழிகை உட்கார்ந்தால் முழங்கால் பூட்டு திறந்து, அன்று முழுக்க நடக்க முடிந்தது. கால் சரி, சோற்றுக்குத்தான் வழியில்லை. அடுத்த வீட்டுச் சைதூன் பீவி கஞ்சி வைக்கும்போது ஒரு கை அரிசி கூடப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வீட்டு அரிசிப் பானையும் பெரியதில்லை.

உதவித்தொகைச் செய்தியைக் கொண்டுவந்தவளும் சைதூன் பீவிதான். அறுபத்தைந்து வயசு ஆகி, சொத்து இல்லாமல், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் இருந்தால் மாதம் இருபது ரூபாய் தபாலில் வீட்டுக்கே வரும்.

"எனக்கு எதுக்குட்டி கவர்மெண்டு ரூவா தரணும்? நான் என்ன கவர்மெண்டுக்கா காவல் காத்தேன்?" என்றாள் நாச்சியார்.

"எத்தனை ஆபீசர்மாரு வேட்டிய கொரங்குகிட்ட இருந்து மீட்டுக் குடுத்திருப்ப. அதுக்குக் கூலின்னு நெனச்சுக்கோ. எந்திரி."

இருவரும் ஒற்றைமாட்டு வண்டி ஒன்றில் தொற்றிக்கொண்டு வயசுச் சான்று வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மிக்சர் மருந்து வாங்கக் கையோடு பாட்டிலும் கொண்டுபோனார்கள். டாக்டர் வயசு கேட்டார். "அது வெவரம் தெரியாதுய்யா. தென்காசிக்கு மொத ரயிலு வந்தப்ப எங்கம்மை கையப் பிடிச்சுக்கிட்டு நடந்துபோய்ப் பாத்தேன்" என்றாள் நாச்சியார். டாக்டர் மனசுக்குள் கணக்குப் போட்டு அறுபத்தைந்து என்று சான்று எழுதி, முழங்காலுக்குத் தைலமும் பாட்டில் நிறைய மிக்சரும் கொடுத்தனுப்பினார். போகும்போது நன்றாக ஏறியவள் திரும்பும்போது வண்டியில் ஏற முடியாமல் தடுமாறினாள். நேற்றுவரை இல்லாத வயசு இன்றைக்கு எழுத்தில் வந்துவிட்டதால் கனமாக இருக்கிறது என்றாள்.

மனு போன பத்துப் பதினைந்து நாளில் வருவாய் ஆய்வாளர் சங்கரநாராயணன் விசாரணைக்கு வந்தார். நல்ல மனுஷன், தப்பாக எழுதிவிடுவோமோ என்ற பயத்திலேயே மெலிந்துபோனவர். நகை உண்டா, மாடு உண்டா, வயல் உண்டா என்று கேட்டு ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று எழுதிக்கொண்டே வந்தவர், தாளில் தண்ணீர் தெறிக்கவும் நிமிர்ந்தார்.

"இது என்னது ஆச்சி?"

"அருவி."

"யாரோடது?"

"ஐந்தருவியோடதுதான். சீசன் முடிஞ்சா போயிரும்."

"ஒங்க வீட்டுக்குள்ளதான விழுது? அப்போ ஒங்க கைவசம் இருக்கு. குளிக்க வாறவங்ககிட்ட துட்டு வாங்குதியளா?"

"தண்ணிக்குப் போய் யாரும் துட்டு வாங்குவாவளாய்யா."

"துணி காவலுக்கு?"

"அது அருவியில. இது வீடுல்லா. வீட்டுக்கு வந்தவுககிட்ட கை நீட்டச் சொல்லுதியளா?"

சங்கரநாராயணன் யோசித்தார். அவர் பிறந்து வளர்ந்தது குற்றாலத்துச் சாரல் விழுகிற பக்கம். அருவிக்கரையில் எண்ணெய் விற்றவன் வீடு கட்டியதையும், பஜ்ஜி போட்டவன் வயல் வாங்கியதையும் கண்ணால் பார்த்தவர். அருவிக்குப் பக்கத்தில் இருந்தவனே இப்படி என்றால், அருவியையே வைத்திருப்பவள் எப்படி ஏழையாவாள்? இந்தப் பக்கத்து ஆள் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆகவே, "துட்டு வாங்கவில்லை, வாங்கினால் வாங்கலாம்" என்று எழுதினார். பழம் மிதந்து வருவதையும் விடாமல் எழுதினார். ஆடி பிறக்குமுன் பதில் வந்துவிட்டது: மனுதாரர் அருவி உடையவர், ஆதரவற்றவர் அல்லர்.

அன்று நாச்சியார் அருவியோடு பேசினாள். "ஒன்னால எனக்குச் சோறு போச்சு. ஒம்பாட்டுக்குப் போயேன்" என்று சொன்னாள், அவ்வளவுதான். அருவி ரோஷக்காரி. விழுந்துகொண்டிருந்தது அந்தரத்திலேயே நின்று, மேலே ஏறி, மறைந்துவிட்டது. அடுக்களை அங்கணம்கூட உடனே காய்ந்துபோனது. மறுநாள் விடிந்தபோது நாச்சியாரால் பாயைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. டாக்டர் கொடுத்த தைலத்தைச் சைதூன் பீவி தேய்த்துவிட்டாள். வலி குறைந்தது, பூட்டு திறக்கவில்லை. காலும் வேண்டும், கஞ்சியும் வேண்டும் என்று கேட்பது பேராசையா என்று நாச்சியார் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அடுப்பில் வைக்கவும் ஒன்றுமில்லை. சாயங்காலம் அருவி தானாகத் திரும்பி வந்தது. முதலில் நூல் மாதிரி விழுந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு பழைய அகலத்துக்கு வந்தது. "இனிமே ஒன்னயப் போகச் சொல்லமாட்டேன். பட்டினி கெடந்தாலும் சொல்லமாட்டேன்" என்றாள் நாச்சியார்.

"ஒன்னய யாரு பட்டினி கெடக்கச் சொன்னா? தாசில்தாரயே பாப்போம்" என்றாள் சைதூன் பீவி.

தாசில்தார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஆற்றைப் பார்த்து வளர்ந்தவருக்கு அருவி பழக்கமில்லை, சட்டம் பழக்கம். ஆய்வாளர் எழுதியதைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஆறு, ஓடை, குளம், அருவி எதுவானாலும் சர்க்காருடையது, தனி மனுஷருக்கு அருவி சொந்தமாக இருக்க வழியே கிடையாது, எழுதியது தவறு என்றார். இரண்டு கிழவிகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அப்போது பக்கத்தில் நின்ற சங்கரநாராயணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அருவி சர்க்காருடையது என்றால் அது விழுகிற இடமும் சர்க்கார் இடம் ஆகிறதே, அதில் வீடு இருப்பது ஆக்கிரமிப்பு ஆகிறதே என்று பணிவாகக் கேட்டார். தாசில்தார் அதுவும் சரிதான் என்றார். சர்க்கார் இடத்தை ஆக்கிரமித்துக் குடியிருக்கிறவர்களுக்குக் கொடுக்கிற பி-மெமோ நோட்டீஸ் அந்த இடத்திலேயே தயாராகி, மை காய்வதற்குள் நாச்சியார் கைக்கு வந்தது.

நாச்சியார் அதை வாங்கிக்கொண்டு தாலுகா கச்சேரித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சோறு கேட்டு வந்தேன், வீட்டையும் வாங்கிக்கிட்டாவளே" என்றாள். சத்தம் போடவில்லை. சைதூன் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மேஜைக்குப் பக்கத்தில் போனாள்.

"அய்யா, ஒரு சந்தேகம். அந்த வீடு இவளுது இல்லையா?"

"சர்க்கார் இடம்மா அது."

"அருவி?"

"அதான் சொன்னேனே, சர்க்காருது."

"அதுல வாற பழம்?"

"சர்க்கார் அருவியில் வந்தால் சர்க்கார் பழம்."

"அப்போ இவளுக்குன்னு என்னதான்யா இருக்கு?"

தாசில்தார் சங்கரநாராயணனைப் பார்த்தார். சங்கரநாராயணன் தன் தாளைப் பார்த்தார். நகை இல்லை, மாடு இல்லை, வயல் இல்லை.

"ஒன்றும் இல்லை" என்றார் தாசில்தார்.

"அத அப்படியே ஒரு தாளுல எழுதிக் குடுத்திருங்கய்யா."

தாசில்தார் ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்தார். பிறகு சிரித்தார். கச்சேரியில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லையாதலால், குமாஸ்தாக்கள் மேல்துண்டை வாயில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சர்க்கார் இடத்தில் ஒண்டிக்கொண்டிருக்கும் சொந்த வீடற்ற, சொத்தற்ற, ஆதரவற்ற முதியவள் என்று அவரே கைப்பட எழுதி உத்தரவு போட்டார். ஆக்கிரமிப்பை அகற்றுவது பற்றியும் புத்தகத்தைப் புரட்டினார். நீர்நிலையில் மனுஷர் போய்க் குடியேறினால் மனுஷரை அகற்ற வழி இருந்தது. மனுஷர் இருக்கிற இடத்தில் நீர்நிலை வந்து குடியேறினால் யாரை அகற்றுவது என்று எந்தப் பக்கத்திலும் காணவில்லை. ஆகவே வருஷம் ஒரு பி-மெமோ கொடுத்து வரும்படி ஆய்வாளருக்குச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

அதன்பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒவ்வொரு ஆனியிலும் அருவி வந்தது, புரட்டாசியில் நாச்சியாரின் முழங்கால் பூட்டை அடுத்த ஆனி வரைக்கும் திறந்துவைத்துவிட்டு, சொல்லிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனது. அது வந்த நாலாம் நாள் சங்கரநாராயணன் பி-மெமோவோடு வருவார். முதல் வருஷம் வாசலில் நின்று கொடுத்துவிட்டுப் போனார், இரண்டாம் வருஷம் உள்ளே வந்து கையை நனைத்துப் பார்த்தார், மூன்றாம் வருஷம் உச்சந்தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே வந்துவிட்டார். அந்த மெமோ வந்தால்தான் சொத்தில்லை என்பது உறுதியாகும் என்பதால், ஒருநாள் தாமதமானாலும் சைதூன் பீவி ஆள் அனுப்பிக் கேட்பாள். சைதூன் பீவிக்கும் அறுபத்தைந்து ஆனபோது, அவளுக்குச் சொந்த வீடு இருக்கிறதே என்று யாரும் கவலைப்படவில்லை. நாச்சியார் அருவியிடம் ஒரு வார்த்தை சொன்னாள், அது இரண்டு நாள் சைதூன் பீவி அடுக்களையில் போய் விழுந்துவிட்டு வந்தது. மற்றதைச் சங்கரநாராயணன் பார்த்துக்கொண்டார்.

மாதம் பிறந்தால் கடற்கரை என்கிற தபால்காரர் மணியார்டர் கொண்டுவருவார். சீசன் மாதங்களில் குடையை வாசலில் மடக்கிக் கையில் எடுத்துக்கொண்டு, அடுக்களைக்குள் வந்து விரிப்பார். அவருக்குப் பின்னால் ஊர்க்காரர்கள் துண்டும் எண்ணெய்க் கிண்ணமுமாக முறைக்குக் காத்திருப்பார்கள். நாச்சியார் குடைக்கு அடியில் பெருவிரலைச் சேலையில் துடைத்து, மைப்பெட்டியில் தொட்டு அமுக்குவாள். ரூபாயை இடுப்பில் செருகிக்கொண்டு அரிசிக்கடைக்குத் தானே நடந்துபோவாள். வழியில் யாராவது கால் எப்படி இருக்கு ஆச்சி என்று கேட்டால், ஆனி வரைக்கும் தாங்கும் என்பாள். வெளியூர்க்காரர்கள் வந்து கேட்டால், அருவி விழுகிற வீடு எது என்பதைத் தபாலாபீஸ் எது என்பதைப் போலத்தான் கை காட்டுவார்கள்.

ஒரு சொல்லும் குறைத்ததில்லை என்று முதலிலேயே சொன்னதால் இதையும் சொல்லிவிட வேண்டும்: அருவி வந்ததாகச் சொன்ன அந்த முதல் வருஷம் தென்மேற்கு மழை அடியோடு பொய்த்துப்போய், குற்றாலத்தில் எந்த அருவியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை.