கலெக்டரின் பட்டி

நாயின் பெயர் கலெக்டர். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான வருஷம் எங்கள் வாசலில் குட்டியாகக் கிடைத்தான். பெயர் வைத்தது என் கணவர் வெங்கடேசன். பிறகு நாங்கள் வாடகைக்குப் போன வீட்டின் சொந்தக்காரர் நாய் கூடவே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். கல்வராயன் மலையில், ஓடையோரம் கொட்டாய் போட்டு ஆடு மேய்க்கும் பச்சையம்மாள் அக்காவிடம் அவனை விட்டு வைத்தோம்.

இப்போது வடக்கனந்தலில் சொந்த வீடு. வெங்கடேசன் கேட்டில் ‘நாய் ஜாக்கிரதை’ போர்டுகூட மாட்டிவிட்டார். நாலு நாள் கொட்டாயில் தங்கிப் பழகிவிட்டுக் கலெக்டரைக் கூட்டி வருவதாக நான் கிளம்பினேன்.

போய் நின்றால், கலெக்டர் துரை என்னை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு ஆட்டுப் பட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். எனக்கு வந்ததே கோபம்! பால் ஊற்றி வளர்த்தவள் நான்.

அன்று மாலை அக்கா கேழ்வரகுக் களி கிண்டினாள். ஓர் உருண்டையை வாங்கிக்கொண்டு நானும் பட்டிக்குள் போனேன். ஆடுகளுக்கு நடுவில், புழுக்கை மேலேயே உட்கார்ந்து, அவனுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய். வால் ஆடியது. வெட்கமில்லாமல் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அக்கா வெளியே நின்று சிரித்தாள். “இன்னாம்மா இப்டி பண்ணிட்ட?”

“ஏன்க்கா?”

“அப்புறம் தெரியும் போ.”

மறுநாளிலிருந்து அவன் என்னைவிட்டு நகரவில்லை. ஓடையில் குளித்தால் கரையில் காவல். துணி துவைக்கக் கொஞ்சம் தள்ளிப் போனால் குரைப்பு. பொழுது சாய்ந்தால் ஆடுகளை அடைத்துவிட்டு வந்து என் நைட்டி நுனியைக் கவ்வுவான். சிக்னல் கிடைக்கும் பாறையில் ஏறி, “எம்மேல எவ்ளோ பாசம் தெரியுங்களா” என்று வெங்கடேசனிடம் பீற்றிக்கொண்டேன்.

கிளம்பும் நாள் வந்தது. பஸ் ரோடு ஓடைக்கு அந்தப் பக்கம். தானாக வருவான், கயிறு எதற்கு என்று பையைத் தூக்கினேன். ஓடைவரை வந்தான். நான் தண்ணீரில் கால் வைத்ததும் முன்னால் பாய்ந்து மறித்தான். “வாடா ராஜா, வூட்டுக்குப் போலாம்” என்றேன். சுடிதாரைக் கவ்விப் பின்னால் இழுத்தான்.

“புது ஆடு வாங்கினா பட்டில வுட்டு, அது பக்கத்துல குந்திக்கினு நாய்க்குக் களி குடுப்போம். அப்பதான் நம்ம உருப்படின்னு அதுக்குப் படும்” என்றாள் அக்கா. “நீயே போயி உள்ள குந்திக்கின. இனிமே நீ அதோட ஆடு. ஓடைய தாண்ட வுடாது.”

அவள் கயிற்றை நீட்டினாள். “கட்டி இஸ்துக்கினு போறதுன்னா போ. ஒன் நாய்தான.”

கயிற்றை வாங்கினேன். பட்டியில் ஒரு குட்டி கத்தியது. அவன் காது அந்தப் பக்கம் திரும்பியது; வாய் மட்டும் என்னை விடவில்லை. இத்தனை உயிரும் தன் பொறுப்பு என்று நிற்கிறவனைக் கொண்டுபோய் நாலு சுவருக்குள் எதைக் காக்கச் சொல்வேன்? எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பக்கம் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

என்னை முன்னால் விட்டு ஓட்டிப்போனான். பட்டி வாசல் வந்த பிறகுதான் வாலை ஆட்டினான்.

பாறையில் ஏறிப் போன் போட்டேன்.

“கலெக்டர் கெளம்பிட்டானா?” என்றார் வெங்கடேசன்.

“இல்லீங்க. அந்த போர்ட கழட்டிடுங்க.” கீழே அவன் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “நாளிக்கு வந்து அவங்கிட்ட என்னைக் கேட்டு வாங்கிக்கினு போங்க. பட்டிக்குள்ள மட்டும் குந்திடாதீங்க.”