பீட்டர் மாட்டிய பைப்பு

அந்தக் குவாரிக்குள் ஒரு சட்டம் இருந்தது. யாரும் எழுதி வைக்கவில்லை; யாரும் மீறியதும் இல்லை. கல் ஏற்றிக்கொண்டு குழியிலிருந்து மேலே வரும்போது ஏற்றத்தில் எந்த வண்டி நின்றுவிடுகிறதோ, அந்த வண்டி தன் அடுத்த லோடை இழக்க வேண்டும். பின்னால் வருகிற வண்டிக்கு அந்த முறை போய்விடும். வழியை அடைத்ததற்கு அதுதான் தண்டனை.

நிலவழகனின் டிப்பர் இருபத்தைந்து வருடத்துப் பழசு. வாரத்தில் நான்கு நாள் அந்த ஏற்றத்தில் நின்றது. அதனாலேயே ராக்கன் தன் வண்டியை எப்போதும் அதற்கு நேர் பின்னால் கொண்டுவந்து போடுவான். சாகக் கிடப்பவன் வீட்டு வாசலில் பாடை மூங்கிலோடு வந்து உட்கார்ந்திருப்பவனைப் போல அவசரமே இல்லாமல் காத்திருப்பான். டிப்பர் திணறி நிற்கும். ராக்கன் ஹாரன் அடிப்பான்.

பங்குனி மாதத்தில் ஒருநாள், நிலவழகனின் மச்சினன் பீட்டர் ஃபேன் பெல்ட் கொடுக்கக் குவாரிக்கு வந்தவன் இதைப் பார்த்தான். பீட்டர் புதுக்கோட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். இருபத்தாறு வயது.

"அண்ணே, அடுத்தவன் எலையில சாப்புட்டுச் சாப்புட்டுத்தான் இம்புட்டு ஒடம்பா?" என்று ராக்கனிடம் கேட்டான்.

ராக்கன் கையை ஓங்கினான். முஷ்டியால் ஒரே குத்து. இரண்டு முன்பற்கள் மண்ணில் விழுந்தன. பீட்டர் குனிந்து அவற்றைப் பொறுக்கி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதை நிலவழகன் கடைசிவரை மறக்கவில்லை.

அந்தக் குத்துக்குப் பதிலாகத்தான் பைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பீட்டர் நிலவழகனின் ஊரான வல்லத்திராக்கோட்டைக்கு வந்து வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டான்.

"ஒங்க வண்டிக்கு ஆஸ்துமா, மச்சான். காத்து இழுக்குற வாய் எங்க இருக்கு பாருங்க. ரேடியேட்டர் சூட்டுக்குப் பின்னாடி, டயருக்குப் பக்கத்துல. தான் கெளப்புற புழுதியத் தானே திங்குது."

பழைய ஆயில் டின்னை வெட்டிப் பெரிய புனல் ஒன்று செய்தான். அதை பம்பருக்கு மேலே, ஹெட்லைட்டை ஒட்டி, முன்பக்கம் பார்த்து மாட்டினான். புனலிலிருந்து ஆறு இஞ்ச் பி.வி.சி. பைப்பு கேபினுக்கு அடியில் போய் ஏர் ஃபில்டரில் சேர்ந்தது. நடுவில் தாழ்வாக ஒரு வளைவு. மழைத்தண்ணீர் உள்ளே வந்தால் இன்ஜினுக்குப் போகாமல் அங்கே தங்கிவிடும். பழைய வாயைத் தகரம் வைத்து அடைத்தான்.

"ஓடுற வேகத்துல காத்து தானா உள்ள தள்ளும்."

"ஏத்தத்துல வண்டி நடந்துதானடா போகும். காத்து எங்கிட்டு இருந்து தள்ளும்?"

"அங்க தள்ளாது. ஆனா சூடு இல்லாத காத்து, புழுதி இல்லாத காத்து. போதாதா?"

போதுமாக இருந்தது. திங்கட்கிழமை டிப்பர் முழு லோடோடு நிற்காமல் ஏறியது. செவ்வாயும் ஏறியது. குழிக்குள் கல் அள்ளும் ஹிட்டாச்சி ஓட்டும் உடையப்பன் இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தினார்: "நெலா, யானைக்குத் தும்பிக்கை வச்சுட்ட. இனி கோயில் வாசல்ல கட்டிப்போட்டு வாழைப்பழம் வாங்கலாம்!" எல்லாரும் சிரித்தார்கள். ராக்கன் சிரிக்கவில்லை.

அன்று இரவு சோறு போடும்போது இசைவாணி கணவன் நிலவழகனிடம் சொன்னாள்: "பைப்பு மாட்டுனதோட என் தம்பி வேலை முடிஞ்சுபோச்சு. அவன அந்தக் குழிக்குள்ள கூட்டிட்டுப் போகாதீங்க. அவனுக்கு வாய் அடங்காது, ராக்கனுக்குக் கை அடங்காது."

"கூட்டிட்டுப் போகல."

"எம் மேல சத்தியமா?"

"ஒம் மேல சத்தியமா."

வியாழக்கிழமை காலை பீட்டர் ரோட்டு முனையில் பைக்கை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தான். நிலவழகன் வேகத்தைக் குறைக்காமல் போயிருக்கலாம். குறைத்தான்.

"லோடோட ஏறும்போது சத்தம் எப்படி இருக்குன்னு ஒரு தடவ கேட்டுட்டு எறங்கிருறேன் மச்சான். அக்காகிட்ட சொல்லாதீங்க."

"வாயத் தொறக்கக் கூடாது."

"ரெண்டு பல்லு இல்லாதவன் வாயத் தொறந்தா அசிங்கம், மச்சான்."

பதினோரு மணிக்கு மூன்றாவது லோடு. டிப்பர் உறுமிக்கொண்டு ஏறியது. பீட்டர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தான். ஏற்றம் முடிந்து, எடைமேடையை நோக்கி லேசாக இறங்கும் இடத்துக்கு வந்ததும் நிலவழகன் பிரேக்கை மிதித்தான். ராக்கன் தன் வண்டியைக் குறுக்கே நிறுத்தி வைத்திருந்தான். அதன் பின்பக்க இரும்புக் கதவு டிப்பரின் மூக்குக்கு நாலடி தூரத்தில் இருந்தது. பின்னால் ராக்கனின் இன்னொரு வண்டி; அதை ஓட்டி வந்தவன் வசந்த்.

ராக்கன் வீல் ஸ்பேனரோடு இறங்கி வந்தான். "ஏத்தத்துல நின்னுட்ட. மொறை போச்சு."

"நீங்க மறிச்சுத்தான நின்னேன்?"

"எதுக்கு நின்னாலும் நின்னதுதான்."

பீட்டர் குதித்து இறங்கிப் பின் டயரைக் காட்டினான். "இது ஏத்தமா? தரைக்கும் மேட்டுக்கும் வித்தியாசம் தெரியாம எத்தன வருஷம் ஓட்டுன? லைசன்ஸ காசு குடுத்து வாங்குனியா?"

ஸ்பேனர் அவன் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் கேபினுக்குள் கேட்டது. நிலவழகன் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினான். இரண்டடி வைப்பதற்குள் வசந்த் பின்னாலிருந்து அவன் கழுத்தை வளைத்து, விலாவில் முழங்காலால் மாறி மாறி இடித்தான். அதற்குள் பீட்டரின் முகத்தில் இரண்டாவது அடி விழுந்திருந்தது. அவன் பாதையோரச் சரளையில் சுருண்டு கிடந்தான். ரத்தம் காது வழியாக வந்தது.

ராக்கனுக்கு அதுவும் போதவில்லை. தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்காக வைத்திருந்த பெட்ரோல் கேனைத் தன் வண்டியிலிருந்து எடுத்து வந்தான். "பைப்பா மாட்டுறீங்க பைப்பு? கொளுத்திர்றேன்டா" என்று புனலுக்குள் கேனைக் கவிழ்த்தான்.

தீக்குச்சிக்கு வேலையே வரவில்லை. ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் அந்தப் பெட்ரோல் ஆவியை உள்ளே இழுத்தது. டிப்பர் அலறியது. அப்படியொரு சத்தத்தை அந்தக் குவாரியில் வெடி வைக்கும்போதுகூட யாரும் கேட்டதில்லை. கேபின் உதறியது. கரும்புகை வானத்துக்குப் போனது. பைப்பின் வளைவில் தேங்கிய பெட்ரோல் முடிகிற வரைக்கும் அது நிற்காது. அதற்குள் இன்ஜின் வெடித்துச் சிதறும். ராக்கன் கேனைப் போட்டுவிட்டு ஓடினான். வசந்தின் கை தளர்ந்தது.

நிலவழகன் கேபினுக்குள் பாய்ந்து ஸ்டாப் கேபிளை இழுத்தான். டீசல் நின்றது; இன்ஜின் நிற்கவில்லை. இருபது வருட டிரைவருக்கு அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை. அடங்காத இன்ஜினை அடக்க ஒரு வழிதான்: பிரேக்கை அழுத்தி, டாப் கியரைப் போட்டு, கிளட்சைப் பட்டென்று விடுவது. வண்டியின் எடையே இன்ஜினை நிறுத்திவிடும். கியரைத் திணித்தான். காலை எடுத்தான்.

டிப்பர் ஒரு தாவு தாவியது. சரளையில் சக்கரங்கள் வழுக்கின. நாலடி. முன்னால் நின்ற வண்டியில் மோதி, உதறி, அடங்கியது.

பீட்டரும் சரியானதைத்தான் செய்திருந்தான். காற்றை அடைத்தால் இன்ஜின் சாகும். அதன் வாய் எங்கே இருக்கிறது என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? ஒற்றைக் கையால் சட்டையைக் கழற்றிக்கொண்டு, தவழ்ந்து பம்பருக்கு முன்னால் போய், புனலுக்குள் அதைத் திணித்துக்கொண்டிருந்தான். கேபினில் உட்கார்ந்தவன் கண்ணுக்கு பம்பரை ஒட்டிக் குனிந்திருப்பவன் தெரியமாட்டான். அவன் இன்னும் சரளையில்தான் கிடக்கிறான் என்று நிலவழகன் நினைத்தான்.

இறங்கி வந்து பார்த்தபோது பீட்டர் இரண்டு இரும்புக்கும் நடுவே நின்ற வாக்கில் இருந்தான். இடுப்புக்குக் கீழே பார்க்க முடியவில்லை.

"நின்னுருச்சா மச்சான்?"

"நின்னுருச்சுடா மாப்ள."

உடையப்பன் ஹிட்டாச்சியைக் கொண்டுவந்து, சங்கிலி போட்டு டிப்பரைப் பின்னுக்கு இழுத்தார். வண்டி விலகியதும் பீட்டரின் உயிரும் விலகியது. இரும்புதான் அதுவரை ரத்தத்தைப் பிடித்து வைத்திருந்தது.

நிலவழகன் கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்தான். ராக்கன் எடைமேடைச் சுவரை ஒட்டி நின்றான். முதல் அடி முழங்காலில் விழுந்தது. மடங்கி உட்கார்ந்தவன் கத்தினான்: "நான் பெட்ரோல்தான்டா ஊத்துனேன். வண்டிய வுட்டுக் கொன்னது நீ!"

இரண்டாவது அடி அந்த வாயில் விழுந்தது. தாடை ஒருபக்கமாகத் தொங்கியது. மூன்றாவது அடியை உடையப்பன் தன் முன்கையில் வாங்கிக்கொண்டு நிலவழகனைக் கட்டிப் பிடித்தார்.

மத்தியானம் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில், பிணவறைக்கு வெளியே, உடையப்பன் கைக்கட்டோடு வந்து அருகில் குந்தினார்.

"கேளு. ராக்கனுக்கு வாய் தொறக்க மாசக்கணக்காகும். வசந்து ஓடிட்டான். நான் சொல்றதுதான் சாட்சி. அவன் பெட்ரோல ஊத்துனான், நியூட்ரல்ல நின்ன வண்டி வெறி புடிச்சுத் தானா பாஞ்சுருச்சு. நீ கீழ நின்ன. இசைவாணிக்கும் போன்ல அப்படித்தான் சொல்லியிருக்கேன். ஒரு வீட்டுல ஒரு சாவு போதும்ப்பா."

நிலவழகன் வாசல் பக்கம் பார்த்தான்.

இசைவாணி வந்தாள். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவன் முன்னால் நின்று, அழாத குரலில் கேட்டாள்.

"நியூட்ரல்ல நிக்கிற வண்டி தானா பாயுமாங்க?"

உடையப்பன் வாயெடுத்தார். "ஆத்தா, அந்த மாதிரி நேரத்துல…"

"ஒங்கள கேக்கல."

அவள் அந்த வண்டியோடு பதினோரு வருடம் வாழ்ந்தவள். ஃபில்டர் கழுவியிருக்கிறாள், டீசல் வாடையோடு அவன் சட்டையைத் துவைத்திருக்கிறாள். நிலவழகன் அவள் கண்ணைப் பார்த்தான்.

"பாயாது. நான்தான் கியர் போட்டு கிளட்ச வுட்டேன். அவன் முன்னாடி நின்னது எனக்குத் தெரியல."

"கூட்டிட்டுப் போக மாட்டேன்னீங்க."

"கூட்டிட்டுப் போனேன்."

முதல் அடி கன்னத்தில் விழுந்தது. பிறகு கணக்கே இல்லை. நெஞ்சில், முகத்தில், காலையில் வசந்த் இடித்த விலாவில். மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. தடுக்க வந்த உடையப்பனை நிலவழகன் கையால் தள்ளி நிறுத்தினான். கை ஓய்ந்ததும் இசைவாணி சுவரில் சாய்ந்தாள்.

"ஸ்டேஷன்லயும் இதையே சொல்லுங்க. ராக்கன் செஞ்சத அவன் செஞ்சான்னு, நீங்க செஞ்சத நீங்க செஞ்சீங்கன்னு."

"சொல்றேன்."

"மொதல்ல அம்மாகிட்ட சொல்லுங்க. தம்பிக்கு அடிபட்டுருச்சுன்னு மட்டுந்தான் சொல்லிக் கூப்புட்டேன். ஆட்டோவுல வந்துக்கிட்டு இருக்கு. என்னால முடியாது."

வாசலில் ஆட்டோ நின்றது. மாமியார் மகனுக்கு மாற்றுச்சட்டை வைத்த மஞ்சள் பையைப் பிடித்தபடி இறங்கி, யாரிடம் கேட்பதென்று சுற்றும்முற்றும் பார்த்தாள். மருமகனைக் கண்டதும் முகம் தெளிந்தது.

"மாப்ள, எம் புள்ளைக்கு எங்கிட்டு அடி?"

நிலவழகன் மூக்கு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து அவளை நோக்கி நடந்தான்.

"உக்காருங்க அத்தை" என்றான்.