அரைப் பேர்

12.03.2025, புதன்.
இன்று விட்ட பிழை ஒன்று. தாளம் நாலு சுற்று முடிந்ததும் சேரவேண்டியவள், ஏழு சுற்று வரை காத்து நின்றேன். காரணம்: காது. பரிகாரம்: தெரியவில்லை.

கம்சலா பேனையை மூடாமல் கடைசிச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலைநகரான பதுளையில் பேஸ் கிட்டார் படிக்க மாலை வகுப்பில் சேர்ந்து நாலு மாதமாகிறது. சேர்ந்த நாளிலிருந்து பிழை, காரணம், பரிகாரம் என்று இந்தக் கொப்பியில் எழுதாமல் அவள் ஒரு நாளும் படுத்ததில்லை. பரிகாரத்துக்கு நேரே கைவிரித்தது இன்றைக்குத்தான்.

வகுப்புக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'வேவ்ஸ்' இசைக்குழுவுக்கு பேஸ் வாசிக்க ஆள் தேவை, ஜஸீலின் குஷன் கடைப் பின்புறம் வரவும். குழுவுக்கு அலை என்று பெயர் வைத்தவர்களிடம் பதுளையில் கடல் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மூன்று நாள் அந்தத் தாளைத் தாண்டிப் போனாள். நாலு மாதப் படிப்பை வைத்துக்கொண்டு யாரிடம் போய் நிற்பது? நாலாம் நாள் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் ஒரு மணித்தியாலம் முன்னதாகச் சொல்லிக்கொண்டு இறங்கினாள். கால் முன்னால் போனது, அவள் பின்னால் போனாள்.

கடையின் பின்னறையில் ஆட்டோ சீட்டுகளுக்கு வெட்டிய ஸ்பஞ்ச் மிச்சங்களைச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தார்கள். சத்தம் வெளியே போகாது. கிட்டாரோடு இருந்த ஜஸீல்தான் தலைவர். டிரம்ஸ் வாசிப்பவர் நுவன் என்ற சிங்கள இளைஞர். பாடுகிறவன் கிரிஷாந்தன், பஸாரில் புடைவைக் கடை வைத்திருப்பவரின் மகன். முன்பு பேஸ் வாசித்த சுரேஸ் கத்தாருக்குப் போய்விட்டான், அவனுடைய கிட்டார் மட்டும் மூலையில் சாய்ந்திருந்தது. அதை எடுத்து அவள் தோளில் மாட்டினார்கள்.

"இன்ட்ரோ ஹதரய். ஈட்ட பஸ்ஸே ஒயா," என்றார் நுவன். தொடக்கம் நாலு சுற்று, அதற்குப் பிறகு நீ. சிங்களத்தில் நாலுக்கு ஹதர, ஏழுக்கு ஹத. வித்தியாசம் ஒரேயொரு 'ர'. அந்த 'ர'வைக் குச்சிகள் மோதிய சத்தம் விழுங்கிவிட்டது. ஐந்தாம் சுற்றில் கிரிஷாந்தன் பாடத் தொடங்கியபோது எங்கேயோ பிசகிவிட்டது என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் தன் காதை நம்பாமல் எண்ணிக்கையை நம்பினாள். ஏழு முடிந்ததும் கம்பீரமாகச் சேர்ந்தாள்.

கிரிஷாந்தன் மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே சிரித்தான். "ஏன் தங்கச்சி, ஒங்க லயத்துல ரேடியோவும் இப்படி லேட்டாத்தான் பாடுமா?" தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து வருகிறாள் என்று வந்ததுமே சொல்லியிருந்தாள்.

ஜஸீல் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இந்தா தங்கச்சி, வருசப் பிறப்புக்கு ஹாலிஎல கிரவுண்ட்ல ஷோ இருக்கு. பேஸை லெப்டொப்ல போடுவோம். நீங்க கிட்டாரை மாட்டிக்கிட்டு நின்னாப் போதும், கைய மட்டும் ஆட்டுங்க. போஸ்டர்ல ஒரு பொண்ணு இருந்தா எடுப்பா இருக்கும்."

"யோசிச்சு சொல்றேன் நானா," என்று, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில் சொல்லிவிட்டு பஸ் ஏறியவள்தான், இப்போது லயத்து அறையில் கொப்பியோடு உட்கார்ந்திருந்தாள்.

அம்மா இராக்கம்மா அடுப்படியிலிருந்தே எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். "நின்னாப் போதும்னா நின்னுட்டு வாயேன்டி. மழையிலயும் வெயில்லயும் நான் மலையில நிக்கலியா?"

"நீ கொழுந்து பறிக்கிறம்மா. வெறுங்கூடையோட நில்லு, போட்டோ புடிக்கணும்னா நிப்பியா?"

"நின்னேனே! ஒரு வெள்ளக்காரன் வந்தான். நல்ல சீலையா குடுத்து, சிரிங்க சிரிங்கன்னான். அவன் போனப்புறம் நிறுத்துப் பாத்தா கிலோ பத்தல. அன்னைக்கி அரைப் பேருதான் போட்டாங்க. பல்லக் காட்டிக்கிட்டு நின்னதுக்கு அரைப் பேரு!"

தோட்டத்தில் குறித்த கிலோ சேராவிட்டால் அன்றைய வேலை பாதி நாளாகத்தான் பதியும். அதுதான் அரைப் பேர். சொல்லிவிட்டு இராக்கம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். கம்சலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. 'தெரியவில்லை' என்பதை வெட்டிவிட்டு, 'நிற்பதில்லை' என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை மறுபடி அந்தப் பின்னறைக்குப் போனாள். பஸ்ஸில் பாடமாக்கிக்கொண்டு வந்த நாலு வசனத்தில் மூன்று வாசலிலேயே மறந்துபோயின.

"அரைப் பேருக்கு நான் வரமாட்டேன் நானா."

"என்ன பேரு?" ஜஸீல் விழித்தார்.

"சும்மா நிக்க மாட்டேன். வாசிக்கிறதுன்னா வாசிக்கிறேன். இல்லாட்டி வேற ஆளைப் பாருங்க."

"வாசிச்சுத்தான் பாத்தோமே," என்றான் கிரிஷாந்தன். "மேடையில பிழை விட்டா ஹாலிஎல முழுக்கக் கேக்கும்."

"கேக்கட்டும்ணே. வாசிக்கிறது நான்தான்னாவது தெரியும்ல?"

பிறகு நுவன் பக்கம் திரும்பினாள். "ஹதரயும் ஹதயும் எனக்கு ஒண்ணாத்தான் கேக்குது. நான் சேர வேண்டிய எடத்துல தலைய ஆட்டுங்க. அன்னைக்கே கேட்டிருக்கணும், வெக்கப்பட்டுட்டேன்."

நுவன் குச்சியால் தன் நெற்றியிலேயே தட்டிக்கொண்டார். "எனக்கி தமில்ல ஏழு, எட்டு, எல்லாம் ஒண்டுதான் நங்கி!" என்றார், தங்கச்சிக்குச் சிங்களச் சொல்லைப் போட்டு.

யாரும் சரி என்று சொல்வதற்கு முன்பே அவள் கிட்டாரை மாட்டி, லெப்டொப்பிலிருந்து வந்த வயரைக் கழற்றி, தன்னுடையதைச் செருகினாள். ஒலிபெருக்கிப் பெட்டி ஒருமுறை உறுமியது. கிரிஷாந்தன் ஜஸீலைப் பார்த்துவிட்டு மைக்கை எடுத்தான்.

நுவன் தலையை ஆட்டினார். சேர்ந்தாள். பல்லவி சரியாகப் போனது. முதல் சரணமும் போனது. இரண்டாம் சரணத்தில் பாட்டு மைனர் ஸ்கேலுக்கு மாறும் இடத்தில் விரல் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. ஸ்பஞ்ச் சுவர்களுக்கு நடுவே அந்தப் பிழையான சத்தம் பெரிதாக விழுந்தது. கிரிஷாந்தன் ஒரு கண்ணால் பார்த்தான். வகுப்பில் என்றால் இந்த இடத்தில் கையை எடுத்து, மன்னிப்புக் கேட்டிருப்பாள். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த சுற்றில் ஏறிக்கொண்டாள். கடைசிவரை இறங்கவில்லை.

"பிழை விட்டீங்க," என்றார் ஜஸீல்.

"விட்டேன் நானா. மைனருக்குப் போகல."

"ஆனா நிப்பாட்டலியே."

"நிப்பாட்டல."

ஜஸீல் போனை எடுத்தார். சற்று நேரத்தில் அவளுடைய போன் ஒலித்தது. 'வேவ்ஸ் பிரக்டிஸ்' வாட்ஸப் குழுவில் அவளைச் சேர்த்திருந்தார். கிட்டாரை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி, மிஞ்சிய சிவப்பு ரெக்ஸினில் தைத்த உறை ஒன்றையும் கொடுத்தார்.

"எதுக்கும் லெப்டொப்பும் பக்கத்துல இருக்கட்டும், ஒரு பாதுகாப்புக்கு," என்றான் கிரிஷாந்தன்.

"இருக்கட்டும்ணே. மூடியே இருக்கட்டும்."

பஸ்ஸில் அந்தச் சிவப்பு உறை இரண்டு பேர் இடத்தைப் பிடித்தது. முறைத்தவர்களை அவள் திரும்ப முறைத்தாள். வீட்டுக்கு வந்து, சாப்பிடும் முன்பே கொப்பியைத் திறந்தாள்.

14.03.2025, வெள்ளி.
நாளை மருந்துக் கடை எட்டரைக்கு. அதற்கு முன், ஆறு முதல் ஏழு வரை: இரண்டாம் சரணம், மைனருக்கு மாறும் இடம். மெதுவாக, முப்பது தடவை.