ஊசியக்கா வண்டியைக் கீழே போட்ட நாள்

இருபத்தேழு வருடங்களில் ஒரு தடவைகூட வண்டியைக் கீழே போட்டதில்லை என்று ஊசியக்கா சொல்லாத நாளில்லை. கேட்டவர்களிடமும் சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள். தையல் மெஷின் ரிப்பேர் அவள் தொழில். எந்தத் தையற்கடையில் நூல் அறுந்துகொண்டே இருந்தாலும், எந்த வீட்டில் மெஷின் முரண்டு பிடித்தாலும், டூல்ஸ் பெட்டியைப் பின் சீட்டில் வாரால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, நூற்றுத் தொண்ணூறு கிலோ மோட்டார் சைக்கிளில் தடதடவென்று வந்து நிற்பாள். ஐந்தடிகூட இல்லாத, ஐம்பத்தாறு வயது மனுஷி. சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலும் ஒன்றாகத் தரையைத் தொடாது. ஒன்றை ஊன்றினால் மற்றது அந்தரத்தில் தொங்கும். அப்படிப்பட்டவள் மழையிலும் மணலிலும் வண்டியைச் சாய விட்டதில்லை என்றால் பீற்றிக்கொள்ளாமல் என்ன செய்வாள்?

அந்தப் பீற்றலால்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். போன வருடம் ஒருநாள் மகள் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"வயசாகுதும்மா. அந்த எருமையை வித்துட்டுச் சின்னதா ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கோ."

"எருமையா? உன்னை வயித்துல சுமந்துக்கிட்டே ஓட்டினவ நான். இந்த வண்டி என் கையால கீழே விழட்டும், அன்னைக்கே சாவியை உன்கிட்டக் கொடுத்துடுறேன். போதுமா?"

"சொல்லிட்டே. அப்பாதான் சாட்சி."

பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே அப்பா சரியென்று ஆட்டிவைத்தார். அவருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. தினமும் மனைவிக்குப் பின்னால், டூல்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர். அவர் இறங்கிய பிறகுதான் பெட்டி பின் சீட்டுக்குப் போகும். மகளோ பெரிய சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களைச் சோதித்து லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரி. சொன்ன சொல்லை மறந்துபோகிற ரகம் இல்லை.

அந்தப் புதன்கிழமை மத்தியானம், சீருடை தைக்கிற கடையொன்றில் நான்கு மெஷின்களைச் சரிசெய்துவிட்டு ஊசியக்கா வெளியே வந்தாள். மனசு நிறைவாக இருந்தது. கடை முற்றத்தில் வண்டியைத் திருப்பினாள். நடை பழகுகிற குழந்தைகூட முந்திப் போய்விடும், அவ்வளவு மெதுவாக. ஹேண்டில் முழுக்க இடப்பக்கம் மடங்கியிருந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து கட்டிங் மாஸ்டர் கத்தினார்.

"அக்கா! கண்ணாடியை விட்டுட்டுப் போறீங்க!"

திரும்பிப் பார்த்தாள். பார்த்த கையோடு வலது கை விரல்கள் முன் பிரேக்கைப் பிடித்துவிட்டன. அவ்வளவுதான் நடந்தது. ஹேண்டில் மடங்கியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடாதே என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பாள்! வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்தது. ஊன்றுவதற்குக் காலை நீட்டினாள். அந்த இடத்தில் தரை சாக்கடைப் பக்கமாகச் சரிந்து நான்கு விரல் கீழே போயிருந்தது. குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டினால் இந்த வண்டியைப் பயில்வானாலும் பிடித்து நிறுத்த முடியாது என்பது அவளுக்குத் தெரியும். கையை விட்டு ஒதுங்கினாள். தொம்மென்று விழுந்தது.

அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கிளட்ச் பிடி வளைந்துவிட்டது, டேங்க்கின் இடப்பக்கத்தில் ஒரு கோடு. மானம்தான் பெரிய அளவில் அடிபட்டிருந்தது. கடையிலிருந்து நான்கு பேர் ஓடி வந்தார்கள்.

"தள்ளுங்கக்கா, நாங்க தூக்குறோம்."

"யாரும் கை வைக்காதீங்க!"

குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது. சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தாள். வண்டி கியரிலேயே இருந்தது, உருளாது. வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்துக் குந்தினாள். ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை பின் கம்பியில். முதுகை வளைக்காமல் காலால் மட்டும் உந்தி, பின்பக்கமாகச் சின்னச் சின்ன அடிவைத்து எழுந்தாள். எருமையும் கூடவே எழுந்தது. கட்டிங் மாஸ்டர் வாயைப் பிளந்தபடி கண்ணாடியை நீட்டினார். ஊசியக்கா வாங்கி மாட்டிக்கொண்டாள்.

மெக்கானிக் பட்டறையில் விஷயம் பத்து நிமிடத்தில் முடிந்தது. அவன் நல்லவன், அதனால்தான் அந்த யோசனையைச் சொன்னான்.

"புதுப் பிடி மாட்டிட்டேன்க்கா. கோட்டு மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டா முடிஞ்சுது. உங்க பொண்ணு பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தாலும் தெரியாது."

ஊசியக்கா உடனே வேண்டாமென்று சொல்லவில்லை. கதை சொல்கிற நான் அதை மறைப்பானேன்? பட்டறை நாற்காலியில் உட்கார்ந்து நன்றாகவே யோசித்தாள். வண்டி போனால் இரண்டு பஸ் மாற வேண்டும், பதினெட்டுக் கிலோ பெட்டியோடு. போகிற வழியெல்லாம் "என்னக்கா, வண்டி எங்கே?" என்று கேட்பார்கள். ஸ்டிக்கரில் ஒரு கழுகு படம் வேறு இருந்தது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நாளைக்கு யாரிடமாவது "ஒரு தடவைகூடப் போட்டதில்லை" என்று சொல்ல வேண்டி வருமே? இந்த ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால், இத்தனை வருடமும் உண்மையாகச் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். அது மட்டும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"கழுகை நீயே வச்சுக்கோ. கோடு இருக்கட்டும்."

சாயங்காலம் மகள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சாவியை மேசையில் வைத்தாள்.

"இன்னைக்குக் கீழே போட்டுட்டேன். தரை சரியில்லைன்னு சொல்லலாம். ஆனா தப்பு என்னோடதுதான். ஹேண்டில் மடங்கியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடிச்சேன்."

அப்பாதான் முதலில் வாய் திறந்தார்.

"அப்போ நாளைக்கு நான் எப்படி வேலைக்குப் போறது?"

மகள் சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டாள்.

"யாரும்மா தூக்குனாங்க?"

"நான்தான்."

"தனியாவா?"

"பின்னே?"

மகள் கைப்பையோடு உள்ளே போய்விட்டாள். ஊசியக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விழுந்ததற்காக இல்லை. "அடி பட்டுச்சாம்மா" என்று ஒரு வார்த்தை கேட்காமல் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டாளே என்று.

காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் கால் அப்படியே நின்றுவிட்டது. பழைய மெத்தையொன்றின் மேல் அவள் மோட்டார் சைக்கிள் இடப்பக்கமாகப் படுத்திருந்தது. பக்கத்தில் மகள், கையில் அட்டையும் பேனாவும். சற்றுத் தள்ளி அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னடி இது?"

"நானும் அப்பாவும் சேர்ந்துதான் படுக்க வச்சோம். நீ தூக்கு."

"எதுக்கு?"

"எங்க கிடங்குல வண்டியை இடிச்சவன்கிட்ட அன்னைக்கே சாவியை வாங்கிடுவோம். மறுநாள் சோதனை வைப்போம். பாஸ் ஆனா சாவி திரும்பக் கிடைக்கும். இடிச்சதை மறைச்சவனுக்கு மட்டும் சோதனையே கிடையாது, நேரா வீட்டுக்குத்தான்." மகள் டேங்க்கின் பக்கம் கண்ணைக் காட்டினாள். "அந்தக் கோட்டை நீ மறைக்கலையேம்மா."

நல்லவேளை, கழுகை மெக்கானிக்கிடமே விட்டுவந்தோம் என்று ஊசியக்கா நினைத்துக்கொண்டாள். பெட்டியைக் கீழே வைத்தாள். குந்தினாள், பிடித்தாள், உந்தினாள். மெத்தை வழுக்கியதால் முதல் தடவை பாதியில் நின்றது. மகள் ஓரடி முன்னே வந்தாள்.

"அங்கேயே நில்லு!"

இரண்டாவது தடவையில் வண்டி எழுந்தது. மாடிப்படியில் நின்ற யாரோ கைதட்டினார்கள். மகள் சாவியைத் தூக்கிப் போட்டாள். ஊசியக்கா ஏறி, ஹேண்டிலை முழுக்க மடக்கி, இரண்டு தூண்களைச் சுற்றி எட்டுப் போட்டாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. கால் தரையில் படவில்லை, விரல் முன் பிரேக்கின் பக்கமே போகவில்லை. மகள் அட்டையில் எதையோ குறித்தாள். குறிக்கும்போது அவள் கண் கலங்கியிருந்தது.

"பாஸ். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமே இல்லை, தெரியுமா? ஆனா ஒண்ணும்மா. ஒரு தடவைகூடப் போட்டதில்லைன்னு இனிமே யார்கிட்டயும் அளக்க முடியாது."

"எவ அளந்தா?" ஊசியக்கா தலையை நிமிர்த்தினாள். "இருபத்தேழு வருஷத்துல ஒரே ஒரு தடவை போட்டேன். நானே தூக்குனேன். அதைச் சொல்லிக்கிறேன்."

அப்பா பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறிக்கொண்டார். கேட்டைத் திறந்துவிட்ட காவலாளி வழக்கம்போல வணக்கம் மட்டும்தான் சொன்னான். ஊசியக்கா வண்டியை நிறுத்தி, டேங்க்கிலிருந்த கோட்டைக் காட்டி, முழுக்கதையையும் அவனுக்குச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.