பின் சீட்டு

தன் மனைவி ஓட்டிய சைக்கிளின் சீட்டைப் பிடித்துக்கொண்டு சகலை பின்னாலேயே ஓடியதை அவன் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒரு தடவையோடு போயிருக்கும். பார்க்காததனால் தினமும் பார்த்தான். தார் லாரி வருவதற்காக ரோட்டோரம் குந்தியிருக்கும்போது பார்த்தான். குளிக்கும்போது, தட்டில் கை வைத்தபடி இருக்கும்போது, செருப்பைத் தேடும்போது பார்த்தான். சில தடவை சகலையின் கை சீட்டோடு நிற்கவில்லை. கற்பனைக்கு யார் பிரேக் போடுவது?

அவனிடம் சொன்னது அவளேதான். முழங்கால் சிராய்ப்பில் மருந்து தடவிக்கொண்டே சொன்னாள். "அத்தானுக்கு மூச்சு வாங்குது, வேர்த்துக் கொட்டுது. ஆனா 'விடமாட்டேன், பயப்படாம மிதி'ன்னு சொல்லிக்கிட்டே ஓடி வர்றாரு. கடைசியில திரும்பிப் பாத்தா ஆளையே காணோம், அங்க நின்னு கைதட்டுறாரு." மகன் பள்ளிக்கூடம் முடிக்கப் போகிற வயதில், கீழே விழுந்து காயம்பட்டுக்கொண்டு, இப்படி ஒரு சிரிப்பு.

"உன் அத்தானுக்குக் கடையில வேலை ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டான்.

"ஞாயித்துக்கிழமை கடை ஏதுங்க?"

அவன் வாளியை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

மாமனார் வீட்டில் இரண்டு மருமகன்கள். மூத்தவளைக் கட்டியவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. இளையவளைக் கட்டிய இவனுக்கு ரோட்டில் தார் போடுகிற வேலை. ஒருவர் கண்ணாடி மாப்பிள்ளை, இன்னொருவன் தார் மாப்பிள்ளை. யாரும் கெட்ட எண்ணத்தில் வைத்த பெயர் இல்லை. சகலை பேசினால் காற்றுக்கு வலிக்காது. வருகிறவர்களின் முகத்தருகே குனிந்து, மூக்கின் மேல் கண்ணாடியைப் பூப்போல வைத்து, "இப்ப தெரியுதா? இப்ப?" என்று கேட்டுக் கேட்டு அந்தக் குரலே அப்படி ஆகிவிட்டது. இவனோ ரோலர் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகியவன். "தண்ணி குடு" என்றாலே பக்கத்து வீட்டில் ஜன்னல் திறக்கும்.

இத்தனைக்கும் அந்த ரோடே அவன் போட்டது. புதிய நெடுஞ்சாலை வந்து வண்டியெல்லாம் அந்தப் பக்கம் போன பிறகு, மேடும் பள்ளமுமாக வயல்களுக்கு நடுவே ஏறி இறங்கிப் போகிற பழைய சாலையைச் சைக்கிள்காரர்களுக்கென்று ஒதுக்கினார்கள். இரண்டு முனையிலும் கல் தூண் நட்டு, கார், லாரி எதுவும் நுழைய முடியாமல் செய்தார்கள். மேலே புதிதாக ஒரு பூச்சுத் தார். அதைப் பரப்பிய கும்பலில் அவனும் ஒருவன். லாரி கொட்டுகிற சூட்டுக் கலவையை நீளப்பிடி வாரியால் இழுத்து, மேடு தட்டி, பள்ளம் நிரவி, அடிமேல் அடி வைத்தே அந்த ரோடு முழுக்க நடந்திருக்கிறான். அவன் பூட்ஸ் படாத இடம் அதில் இல்லை. ஆனால் அதில் ஒரு நாளும் எங்கேயும் போனதில்லை. போட்டதோடு சரி.

போக முடியாததற்குக் காரணம் அவனுக்கு மட்டும் தெரியும். அவனுக்குச் சைக்கிள் ஓட்ட வராது. சின்ன வயதில் வீட்டில் சைக்கிள் இல்லை. வாங்க முடிந்தபோது கற்றுக்கொள்கிற வயது இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் "முட்டி வலி" என்றான். மனைவியிடமும் அதேதான். நாளாக நாளாக, சைக்கிளைப் பார்த்தாலே முட்டி நிஜமாகவே வலித்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அக்காவோடும் அத்தானோடும் போய், முகம் சிவந்து திரும்பினாள். பாதி வழியில் இருக்கிற பழைய ஊரைப் பற்றிச் சொன்னாள். வளைவு வளைவாகக் கல்மண்டபம் வைத்த சந்தைத் தெரு, ஓடாத மணிக்கூண்டு, தேய்ந்துபோய்க் கண்ணாடி மாதிரி வழுக்குகிற பாலம். அந்த ஊரின் வாசல் வரை அவன் தார் போட்டிருக்கிறான். மேஸ்திரி தார் பூட்ஸோடு உள்ளே போகக் கூடாது என்று சொல்லிவிட்டதால், தண்ணீர் குடிக்கக்கூட உள்ளே போனதில்லை. சந்தைத் தெருவில் எத்தனை வளைவு என்று அவனிடமே அவள் விடுகதை போட்டாள். அவன் சாப்பிடாமல் எழுந்து போனான்.

ரோட்டின் கடைசித் துண்டு போன வாரம்தான் முடிந்தது. அது கோட்டை ஊருக்குப் போகிறது. "அடுத்த ஞாயிறு கோட்டைக்குப் போறோம், அத்தான் எல்லாம் விசாரிச்சு வெச்சிருக்காரு," என்றாள் அவள். கோட்டையையும் சகலைதான் காட்டப் போகிறாரா?

"நானும் வர்றேன்," என்றான்.

"உங்க முட்டி?"

"அதை நான் பாத்துக்கிறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று வாரம் முழுக்க அவனுக்குத் தூக்கம் இல்லை. வழி காட்டியதும் சகலைதான். ஞாயிறு காலையில் இரண்டு பேர் மிதிக்கிற நீளச் சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். "முட்டி வலிக்காரருக்கு ஏத்த வண்டி, சகலை. நான் முன்னாடி. நீங்க பின்னாடி ஏறிக் காலை வெச்சாப் போதும். மிச்சத்தை நான் இழுத்துக்கிறேன்."

"அத்தானுக்குத்தான் எப்படியெல்லாம் தோணுது பாருங்க!" என்றாள் மனைவி.

கொழுந்து விட்டு எரிகிற நெருப்பில் டீசல் ஊற்றத் தெரிந்தவர்கள் அந்தக் குடும்பத்தில் எல்லோரும்.

ஆக, அவன் சகலையின் முதுகைப் பார்த்துக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்பினான். அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு சைக்கிளில் கூடவே வந்தார்கள். அகலமான முதுகு. நடுவில் வேர்வை ஒரு வரைபடம்போல விரிந்துகொண்டு வந்தது. இவன் பிடித்திருந்த கைப்பிடி அசையவில்லை. திருப்புவதும் நிறுத்துவதும் முன்னால் இருக்கிறவர் பாடு. இவன் கால் மட்டும் சுற்றியது. "சகலை, மிதிக்கிறீங்களா, இல்ல படம் பாக்குறீங்களா?" என்று மேட்டில் அவர் கேட்டபோது இவன் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான்.

ஆனால் முதல் மேடு ஏறி இறங்கும்போது எதிர்பாராத ஒன்று நடந்தது. ரோடு ஓடியது. அவன் ஒவ்வோர் அடியாக நகர்ந்த ரோடு, சூட்டில் கண் எரிந்து, இடுப்பு ஒடிந்து, ஒரு நாளைக்கு ஒரு வயலைத் தாண்டாத ரோடு, அப்படியே சுருட்டிய பாய் விரிகிற மாதிரி கீழே விரிந்தது. ஹாரன் இல்லை, புகை இல்லை. புல்லின் வாசனை. சக்கரத்தின் சிறு கிறுகிறுப்பு மட்டும் காதில். இதற்காகவா இத்தனை நாள் வாரி இழுத்தோம் என்று அவனுக்குத் தோன்றியது. அந்தச் சந்தோஷம் சகலையின் பின் சீட்டில் கிடைத்ததே என்றும் உடனே தோன்றியது.

பாதி வழி ஊரில் இறங்கினார்கள். சந்தைத் தெருவின் வளைவுகளுக்குக் கீழே உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். அவன் வளைவுகளை எண்ண மறுத்துத் தரையைப் பார்த்தான். அவன் மனைவிக்கு வெயில் கண்ணாடி ஒன்று சகலை கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதை அவளிடமிருந்து வாங்கி, வாயால் ஊதி, தன் சட்டை நுனியில் துடைத்து, திரும்ப அவள் மூக்கின் மேல் வைத்து, "இப்ப தெரியுதா?" என்றார்.

"பளிச்சுன்னு தெரியுது அத்தான்."

அக்காக்காரி அதைப் பார்த்துக்கொண்டே பழம் தின்றாள். அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. இவனுக்குத்தான் காதில் புகை வந்தது.

அங்கிருந்து கோட்டை ஊருக்குக் கடைசி மேடு, அதன் பிறகு நீளமான இறக்கம். இறக்கம் முடிவதற்குச் சற்று முன்னால் ஒரு வளைவு. அந்த வளைவு வந்ததும் மதில், வாசல், கொடிமரம் எல்லாம் ஒரேயடியாகக் கண்ணில் படும். அந்த வளைவின் வலது பாதியில் விரல் தடிமனுக்கு ஒரு முண்டு புடைத்துக்கொண்டு இருப்பது அவனுக்குத் தெரியும். கடைசி நாள் மழை மிரட்டியது. லாரி வழியில் நின்றுவிட்டு, ஆறிப்போன லோடைக் கொண்டுவந்து கொட்டியது. ஆறின கலவை வாரிக்கு வழங்காது, ரோலருக்கும் அடங்காது. "சைக்கிள்தானே போகப் போகுது, தள்ளுங்கப்பா," என்றார் மேஸ்திரி. தள்ளினார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பியும் தீர்த்தான். அவள் பாதித் தூக்கத்தில் உம் கொட்டினாள்.

மேட்டின் உச்சியில் சகலை கத்தினார். "பிடிச்சுக்குங்க சகலை, பறக்கப் போறோம்!" சைக்கிள் வலது பக்கமாகவே இறங்கியது.

சொல்லலாம். 'இடது பக்கம் போங்க' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவன் அந்த முதுகைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. அந்த முதுகு ஒரு தடவை மண்ணில் புரண்டால் போதும் என்று இருந்தது. அதே சைக்கிளில்தான் தானும் உட்கார்ந்திருக்கிறோம் என்பது நினைவில் இருந்தது. பரவாயில்லை என்று இருந்தது.

அப்போது பக்கத்தில் மணிச்சத்தம் கேட்டது. அவனுடைய மனைவி, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர்களை முந்திக்கொண்டு போனாள். முந்தியதும் வலது பக்கம் ஒதுங்கினாள். நேராக அந்த முண்டை நோக்கி.

"இடது பக்கம்! ஏய், இடது பக்கம் போ! இடதூ!"

ரோலருக்கு மேலே கத்துகிற குரல். வயலில் மேய்ந்த ஆடுகள் தலை தூக்கின. அவள் என்ன ஏது என்று திரும்பிப் பார்க்காமல் சட்டென்று இடது பக்கம் வெட்டி, வளைவைத் தாண்டிப் போய்விட்டாள். சகலை அந்தச் சத்தத்தில் மிரண்டு பிரேக்கைப் பிடித்தார். அதற்குள் முண்டு வந்துவிட்டது.

புல்சரிவில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கிடந்தார்கள். சகலை கணுக்காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். அவனுக்கு முழங்கை மட்டும் எரிந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு அவள் ஓடி வருவது தெரிந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. கண்ணை அரையாக மூடிக்கொண்டு, யாரிடம் முதலில் வருகிறாள் என்று பார்த்தான்.

அவள் இருவரிடமும் வரவில்லை. ரோட்டிலேயே நின்றாள். அந்த முண்டைச் செருப்புக் காலால் தடவிப் பார்த்தாள். வெயில் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஆறின லோடுன்னு சொன்னீங்களே, இதுதானா?"

அவன் கண்ணைத் திறந்தான்.

"எனக்கு மட்டும் கத்துனீங்க," என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. அக்கா அதற்குள் வந்து சேர்ந்து, "ஐயோ, காலு வீங்கிப் போச்சே" என்று அழுதபடி புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சகலைக்கு எதுவும் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. விழுந்திருந்தாலும் காட்டிக்கொள்கிற ஆள் இல்லை.

"சகலை," என்றார், வலியிலும் அதே மெத்தைக் குரலில். "இந்த ரோட்டுல வண்டி எதுவும் வராது. என் வீட்டுக்காரி சைக்கிளை எடுத்துக்கிட்டு ஊருக்குள்ள போய் யாரையாவது கூட்டிட்டு வாங்களேன். இறக்கம்தான், முட்டிக்கு ஒண்ணும் ஆகாது."

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். அவன் புல்லைப் பிடுங்கினான்.

"முட்டிக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு ஓட்டத் தெரியாது."

"என்ன தம்பி, இந்த நேரத்துல விளையாட்டு?" என்றாள் அக்கா.

மனைவி அத்தனை வருஷத்து முட்டி வலியையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறவள்போல அவன் முகத்தையே பார்த்தாள். அப்புறம் போய்த் தன் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினாள். "அத்தானைத் தூக்கி வண்டியில உட்கார வைங்க. தள்ளிக்கிட்டு வாங்க. நான் முன்னால போய் ஆளு பாக்குறேன்."

சகலையை முன் சீட்டில் ஏற்றினார்கள். வீங்கிய கால் தொங்கியது. கைப்பிடியை மட்டும் அவர் பிடித்துக்கொள்ள, இவன் பின்னால் நின்று, தான் உட்கார்ந்து வந்த சீட்டையே இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினான். மெதுவாகத் தொடங்கி, ரோடு சற்றுச் சரிந்ததும் ஓட வேண்டியதாயிற்று. மூச்சு வாங்கியது. வேர்த்துக் கொட்டியது. சகலையின் பருத்த உடம்பு ஆடியது.

"விட்டுடாதீங்க சகலை."

"விடமாட்டேன்," என்றான். அது யாருடைய வார்த்தை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. கை சீட்டிலேயே இருந்தது. வேறு எங்கே போக முடியும்?

வளைவு திரும்பியதும் மதில் முழுசாகத் தெரிந்தது. அவள் அதன் வாசலை நெருங்கிவிட்டாள். ஒரு தடவையும் திரும்பவில்லை. வாசலின் நிழல் அவள் முதுகில் விழுந்து, பின் சக்கரமும் இருட்டுக்குள் போனது. குறுக்கே ஆளோ வண்டியோ ஒன்றுமில்லாத அந்த வாசலுக்குள்ளிருந்து, அவள் சைக்கிள் மணி இரண்டு தடவை அடித்தது. அவன் சீட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினான்.