சம்பந்தி பிடுங்கிய பல்

பங்காரம்மாவின் இடது முட்டி சாமி கொடுத்தது அல்ல, சேலத்து டாக்டர் கொடுத்தது. மூட்டுவாதம் தின்று தீர்த்த எலும்பை வெட்டி எறிந்துவிட்டு அவர் அங்கே உலோக மூட்டை வைத்திருந்தார். வைத்த சில மாதங்களில் அது சீழ் பிடித்தது. மறுபடி திறந்து, கழுவித் தைத்து, வீட்டுக்கு அனுப்பும்போது கண்டிப்பாகச் சொன்னார்.

"முட்டி மாத்தின எல்லாருக்கும் இது தேவையில்லீங்கம்மா. உங்களுக்குத் தேவை. ஒருக்கா சீழ் வெச்ச முட்டி இது. மூட்டுவாதத்துக்கு நீங்க சாப்பிடற மாத்திரை எதிர்ப்புசக்தியையும் குறைச்சுரும். பல்லு புடுங்கப் போனா, ஒரு மணி நேரம் முன்னாடியே இந்த ஆன்டிபயாடிக்கை முழுங்கிப்போட்டுப் போங்க. வாயில இருக்கற கிருமி ரத்தத்துல ஏறுச்சுன்னா நேரா முட்டியிலதான் போய் உக்காரும்."

அந்த மாத்திரை அவள் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்தது. ஒளித்து வைக்கக் காரணம் இருந்தது. பெண் நவ்யாவுக்கு முதலில் வந்த நல்ல இடம், "அம்மாவுக்கு இந்த வயசுலயே காலு இழுக்குதாமா, நாளைக்குப் பொண்ணுக்கும் வந்துச்சுன்னா?" என்று தரகரிடம் கேட்டுவிட்டு நழுவிப்போனது. அன்றைக்கே பங்காரம்மாவின் கால் வீட்டு ரகசியமாகிவிட்டது. பீளமேட்டில் பம்ப் பட்டறை வைத்திருக்கும் அவள் புருஷன் திருமலைசாமி, தெரிந்த முகம் எதுவும் இல்லாத சேலத்தில் வைத்து ஆபரேஷனை முடித்தார். சொந்தக்காரர்களிடம் தங்கச்சி வீட்டுக்கு பெங்களூர் போயிருக்கிறாள் என்றார். கோயிலில் எல்லாரும் தரையில் உட்கார்ந்தால் இவள் மட்டும் பிரகாரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பாள். என்ன பக்தி என்று ஊரே மெச்சியது.

அப்புறம்தான் யஷ்வந்த் கிடைத்தான். சரவணம்பட்டியில் ஐடி வேலை. அப்பா வேங்கடபதி பல் டாக்டர். மாடியில் வீடு, கீழே கிளினிக். முப்பதைத் தொடப்போகும் பெண்ணுக்கு இதைவிட நல்ல இடம் வராது என்பது திருமலைசாமியின் கணக்கு. நிச்சயமும் முடிந்தது.

நிச்சயம் முடிந்த கையோடு பங்காரம்மாவுக்குக் கடைவாய்ப் பல் குத்த ஆரம்பித்தது. சம்பந்தி பல் டாக்டராக இருக்கும்போது வேறொரு டாக்டரிடம் வாயைத் திறந்தால் அது அவர் முகத்தில் அடிப்பது போல. அதனால் யாருக்கும் தெரியாமல் தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு பல் டாக்டரைப் பார்த்துவிடலாம், மாத்திரையை முழுங்கிவிட்டே போகலாம் என்று அவள் திட்டம் போட்டிருந்தாள். அதற்குள் முகூர்த்தப் புடவையைக் காட்ட, புருஷனோடும் நவ்யாவோடும் சம்பந்தி வீட்டுக்குப் போகவேண்டி வந்தது. போன இடத்தில் கன்னத்தில் வைத்த கையை எடுக்க மறந்துவிட்டாள்.

"என்னங்க, கன்னம் வீங்கியிருக்குது?" என்றார் வேங்கடபதி. "நம்ம ஊட்லயே டாக்டர வெச்சுட்டுப் பல்லு வலியோட உக்காந்திருக்கறீங்களே. வாங்க, கீழ போலாம். இப்பவே எடுத்துப்போடறேன்."

"நாளைக்கு வாரேனுங்க," என்றாள் பங்காரம்மா.

"எதுக்குங்க நாளைக்கு?" என்று திருமலைசாமி எழுந்தே விட்டார். "சம்பந்தி கைராசிக்கு நாள் பாக்கறதா?"

படியிறங்கும்போது அவள் புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏனுங்க, மாத்திரை போடலீங்க. டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"ஊட்டுக்குப் போயிப் போட்டுக்கலாம். வாய மூடிட்டு வா," என்றார் அவர். பல் பிடுங்கப் போகிறவளிடம்தான் இதைச் சொன்னார்.

வேங்கடபதி முறையான மனிதர். ஊசியைக் கையில் எடுக்குமுன் கேட்டார். "ஏதாச்சும் ஆபரேஷன் பண்ணியிருக்குதுங்களா? இருதயம், இடுப்பு, முட்டி? தினமும் சாப்பிடற மாத்திரை ஏதாச்சும்?"

"பிரசவத்தத் தவிர அவ ஆஸ்பத்திரி வாசலையே மிதிச்சதில்லீங்க," என்று சிரித்தார் திருமலைசாமி.

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தைதான். மாடியில் யஷ்வந்த் என்னவோ சொல்ல நவ்யா சத்தமாகச் சிரிப்பது கேட்டது. அந்தப் பெண் அப்படிச் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. பங்காரம்மா தலையை இல்லையென்று ஆட்டிவிட்டு, வாயை அகலமாகத் திறந்தாள்.

பல் நோகாமல் வந்தது. சம்பந்தியின் கை நிஜமாகவே நல்ல கைதான். அங்கே சாப்பாடு, தாம்பூலம், அப்புறம் பத்திரிகை வைக்க நான்கு வீடு என்று சுற்றிவிட்டு இருட்டின பிறகுதான் அவள் பீரோவைத் திறந்தாள். ரயில் போன பிறகு டிக்கெட் எடுப்பது போல மாத்திரையை விழுங்கினாள்.

கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது முட்டி சுட ஆரம்பித்தது. பிறகு வீங்கியது. பிறகு குளிரும் காய்ச்சலும் வந்தது. அவளுக்கு அது என்னவென்று தெரியும். ஏற்கெனவே ஒருமுறை பட்டவள்.

"சேலத்துக்குப் போயிரலாமுங்க," என்றாள்.

"கல்யாணப் பொண்ணோட அம்மா ஆஸ்பத்திரில கெடந்தா எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா?" என்றார் திருமலைசாமி. "முகூர்த்தம் வரைக்கும் பல்லக் கடிச்சுட்டு இரு. இவ்வளவு நாள் மறைச்சுப்போட்டு இப்பக் கெடுத்தராத." தப்பு தன்னுடையது என்ற நினைப்பு அவருக்கு மருந்துக்கும் இல்லை.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வலி மாத்திரையைக் கடலை போல வாயில் போட்டுக்கொண்டாள். மேடையில் பெண்ணைத் தாரைவார்க்கும்போது மாப்பிள்ளைக்குக் கால் கழுவக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. பெண்ணைப் பிரிகிற துக்கம் என்று அத்தனை பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வீடியோக்காரன் அதை நெருங்கிப் பிடித்தான்.

மறுநாள் சேலத்தில் டாக்டர் முட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த உலோகத்தை எடுத்துப் போட்டுவிட்டு, மருந்து கலந்த சிமென்ட் கட்டியை வைத்து மூடினார். இனி அந்தக் கால் மடங்குமா என்று கேட்டதற்கு, கால் இருந்தாலே பெரிசு என்றார்.

"பல்லு புடுங்கறதுக்கு முன்னாடி மாத்திரை போட்டீங்களா?"

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனுங்க," என்றார் திருமலைசாமி. "கல்யாண அவசரத்துல அவ மறந்துட்டா."

டாக்டர் அவளைத் திட்டினார். இத்தனை சொல்லியும் இப்படிச் செய்தீர்களே, படிக்காதவர்கள்கூடச் செய்யமாட்டார்கள் என்றார். பங்காரம்மா, "மறந்துபோட்டேனுங்க," என்றாள். புருஷனின் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் காறித் துப்பிவிடுவோம் என்று பயமாக இருந்தது.

பங்காரம்மா படிக்கட்டில் விழுந்துவிட்டாள் என்றுதான் சம்பந்தி வீட்டில் சொல்லியிருந்தார்கள். நவ்யாவால் அந்தப் பொய்யைத் தாங்க முடியவில்லை. மாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அடுத்த வாரம் சம்பந்தியம்மா ராமாமணி சாத்துக்குடிப் பையோடு தனியாகச் சேலத்துக்கு வந்தாள். அறைக்கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். நவ்யாவின் வாழ்க்கை அவ்வளவுதான் என்று பங்காரம்மா நினைத்தாள்.

ராமாமணி புடவையை முட்டிக்கு மேலே தூக்கினாள். இரண்டு முட்டியிலும் நீளமாகத் தழும்பு.

"எனக்கு ரெண்டுமே மாத்தினதுங்க, அக்கா. பல்லு சுத்தம் பண்றதுன்னாக்கூட எங்கூட்டுக்காரரு எனக்கு ஆபரேஷன் பண்ணின டாக்டர்கிட்டப் போன்ல கேட்டுப்போட்டுத்தான் கை வெப்பாரு. மாத்திரை போடச் சொன்னா, போட்டு ஒரு மணி நேரம் உக்கார வெப்பாரு. அதுக்குத்தானுங்க உங்ககிட்டயும் அத்தனை கேட்டாரு."

"நீங்களும் எங்ககிட்டச் சொல்லலியேங்க," என்றாள் பங்காரம்மா.

"எப்படிங்க சொல்றது? சொன்னா எம் பையனுக்குப் பொண்ணு குடுத்திருப்பீங்களா?"

பங்காரம்மா யோசித்துப் பார்த்தாள். குடுத்திருக்க மாட்டாள்.

ராமாமணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சாத்துக்குடியை உரித்தாள். "எங்க சின்னவ ஹரிதாவுக்குத் திருப்பூர்ல நல்ல இடம் வந்திருக்குதுங்க. இப்பப் போயி முட்டி, மூட்டுவாதம்னு பேச்சு கெளம்பினா எங்க பக்கமும் திரும்பிப் பாப்பாங்க. யாரு கேட்டாலும் படிக்கட்டுல உழுந்ததாவே இருக்கட்டுமுங்க. நவ்யாகிட்டயும் சொல்லிப்போட்டேன்."

அவள் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது பங்காரம்மாவுக்கு. ஆனால் நவ்யா நாளைக்கும் நாளை மறுநாளும் இவள் வீட்டில்தான் கண் விழிக்க வேண்டும்.

"உழுந்துட்டேனுங்க," என்றாள். "நானாத்தான் உழுந்தேன்."

ராமாமணி நிம்மதியாகச் சிரித்து, பல் பிடுங்காத பக்கமாகப் பார்த்து ஒரு சுளையை ஊட்டிவிட்டாள். பங்காரம்மா அதை மென்று விழுங்கினாள்.